இரவு இரண்டு மணிக்கு அப்பா ஏன் மாஸ்க்கைக் கழற்றுகிறார்?

கேள்வி சுருக்கமாக இதுதான். டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கும் அப்பாவுக்கு வயது 66. தூக்கப் பரிசோதனையில் ஏ.எச்.ஐ. (தூக்கத்தில் மூச்சு தடைப்படும் கணக்கு) 42 வந்திருக்கிறது. டாக்டர் ஆட்டோ சிபேப் (மாஸ்க் வழியே காற்றை ஊதி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும், அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி) எழுதிக்கொடுத்து, அழுத்தத்தை 6 முதல் 14 வரை வைத்திருக்கிறார். கடையில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கைக் கொடுத்தார்கள். முன்னிரவில் பிரச்சினை இல்லை. இரண்டு மணி வாக்கில் கண்ணில் காற்று அடிக்கிறது, புஸ்ஸென்று சத்தம், அம்மாவும் எழுந்துவிடுகிறார். அப்பா மாஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி குறட்டை. மூக்குத் தண்டில் புண் வேறு. கடைக்காரர் "தோடா ஔர் டைட் கர் லீஜியே" (இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளுங்கள்) என்கிறார். வேறு எந்த மாஸ்க் வாங்கலாம்?

உடனே இன்னொரு மாஸ்க் வாங்காதீர்கள். கடைக்காரர் சொன்னதையும் செய்யாதீர்கள். மூக்குத் தண்டில் புண் வந்திருக்கிறது என்றாலே ஸ்ட்ராப் தேவைக்கு மேல் இறுகியிருக்கிறது என்று பொருள். அவ்வளவு இறுக்கியும் கசிகிறது என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. காற்று எந்த நேரத்தில், எந்த இடத்தில் கசிகிறது என்று முதலில் பாருங்கள். அது தெரிந்துவிட்டால் எந்த மாஸ்க் என்பது பெரிய கேள்வியே இல்லை. டெல்லியில் ஸ்லீப் லேபில் ராத்திரி ட்யூட்டி பார்த்தே வருஷங்களைக் கழித்தவன் நான். டாக்டர் இல்லை, டெக்னீஷியன். அழுத்தத்தை மாற்றுவதும் மருந்து தருவதும் உங்கள் டாக்டர் வேலை. மாஸ்க் பொருத்துவது என் வேலை, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நேரத்திலிருந்து தொடங்கலாம். உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் சொன்னது அந்த இரண்டு மணிதான். பத்தரை மணிக்கு அப்பா மாஸ்க் மாட்டும்போது கருவி தன் குறைந்த அழுத்தத்தில் மெதுவாக ஊதிக்கொண்டிருக்கும். அந்த மெல்லிய காற்றுக்கு அநேகமாக எந்த மாஸ்க்கும் கசியாது. சரியாக உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துத் தூங்கிவிடுவார். கனவு வரும் ஆர்.இ.எம். தூக்கம் இரவின் பின்பாதியில்தான் நீளமாக வரும். அப்போது உடம்பின் தசைகள் தளர்ந்துபோகும், தொண்டைத் தசையும் அதில் சேர்த்தி. மூச்சுப் பாதை சுலபமாக அடைத்துக்கொள்ளும், மல்லாந்து படுத்திருந்தால் இன்னும் மோசம். ஆட்டோ கருவி இதைக் கவனித்து அழுத்தத்தை 12, 13 என்று ஏற்றும். தாடையும் தளர்ந்து இறங்கி, முகத்தின் நீளமே கொஞ்சம் மாறியிருக்கும். ஆக, 6-ல் மூடிய வாய்க்குப் பொருத்திய மாஸ்க், 13-ல் திறந்த வாய்க்கு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பிய்த்துக்கொண்டு ஊதாமல் என்ன செய்யும்?

இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயமும் இல்லை. ஏ.எச்.ஐ. 42 என்றால் தூக்கத்தில் மணிக்குச் சராசரியாக 42 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. 30-ஐத் தாண்டினாலே தீவிரம் என்று கணக்கு. அடைப்பு அதிகமாகும் அந்தப் பின்னிரவில்தான் அவர் மாஸ்க் இல்லாமல் தூங்குகிறார்.

கசிவிலும் வேண்டிய கசிவு, வேண்டாத கசிவு என்று இரண்டு உண்டு. எல்லா மாஸ்க்கிலும் முன்பக்கமோ டியூப் சேரும் வளைவிலோ பொடிப்பொடித் துளைகள் இருக்கும். நாம் வெளிவிடும் கரியமில வாயு போவதற்காகவே அவற்றை வைத்திருக்கிறார்கள். அதில் காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். "இங்கேதான் சார் லீக்" என்று அந்தத் துளைகள் மேல் செல்லோ டேப் ஒட்டிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம், விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிவரும். ரெஸ்மெட் நிறுவனக் கருவி இந்தத் துளைக் கணக்கைக் கழித்துவிட்டு வேண்டாத கசிவை மட்டும் காட்டும். நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருந்தால் கருவி சமாளித்துக்கொள்ளும். ஃபிலிப்ஸ் கருவிகள் இரண்டையும் சேர்த்த மொத்தத்தைக் காட்டுபவை, அதனால் அதில் எண் பெரிதாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கருவியின் மெனுவில் மாஸ்க் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் அது ஃபுல் ஃபேஸ் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது மாறியிருந்தால் கசிவுக் கணக்கே தப்பாகிவிடும்.

இனி பொருத்தும் முறை. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் செய்யாதீர்கள். சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நீங்களும் பக்கத்தில் இருந்து செய்யுங்கள். அப்பா முதலில் சோப்புப் போட்டு முகம் கழுவட்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் படுக்கும் முன் தலையில் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள், குளிர்காலத்தில் முகத்திலும் கொஞ்சம் இழுத்துக்கொள்வார்கள். சிலிக்கான் குஷன் எண்ணெய்மேல் நிற்காது, வழுக்கும், நாளாக ஆக ஊறிக் கெட்டும் போகும். தலைக்கு எண்ணெய் வைப்பதைக் காலைக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். பல் செட் வைத்திருக்கிறாரா? இரவில் கழற்றிவிட்டுத் தூங்குகிறவர் என்றால் கழற்றிவிட்டுத்தான் மாஸ்க்குக்கு அளவு பார்க்க வேண்டும். கடையில் பல்லோடு உட்காரவைத்து அளவெடுத்திருப்பார்கள். பல் இல்லாதபோது கன்னமும் உதடும் உள்வாங்கிவிடும், அளவே வேறு. இந்த ஒரு காரணத்தால் கசியும் மாஸ்க்குகள் எங்களிடம் நிறைய வருகின்றன, கேட்டால் பல் செட் பற்றி யாரும் விசாரிக்கவே இல்லை என்பார்கள்.

பிறகு அவருடைய கட்டிலில், அவருடைய தலையணையில் மல்லாந்து படுக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து பொருத்துவதில் பிரயோஜனமே இல்லை, படுத்தால் கன்னச் சதை காதுப் பக்கம் போய்விடும். எல்லா ஸ்ட்ராப்பையும் தளர்த்திவிட்டு மாஸ்க்கை மாட்டுங்கள். கருவியில் 'மாஸ்க் ஃபிட்' என்று ஒரு வசதி இருக்கும், ரெஸ்மெட்டில் கண்டிப்பாக உண்டு. அதை ஓட்டினால் கருவி சிறிது நேரம் சிகிச்சை அழுத்தத்திலேயே ஊதும். இந்த வசதி இல்லாத கருவி என்றால், லேபிலோ கடையிலோ 12, 13 அழுத்தத்தில் ஊதவைத்துப் பாருங்கள்.

காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மாஸ்க்கை இரண்டு விரலால் பிடித்து முகத்திலிருந்து கொஞ்சம் முன்னால் இழுங்கள். பெரும்பாலான சிலிக்கான் குஷன்களின் விளிம்பில் மெல்லிய ஜவ்வு போல ஓர் அடுக்கு இருக்கும். அது காற்றால் உப்பும். உப்பியபடியே மெதுவாக முகத்தில் உட்காரவையுங்கள். முகத்தோடு ஒட்டி அடைப்பது அந்த ஜவ்வுதான். குழாய் சொட்டினால் வாஷரை இறுக்குகிற பழக்கத்தில் நாம் ஸ்ட்ராப்பை இழுக்கிறோம், இழுத்தால் ஜவ்வு மடிந்து சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம் வழியாகவே காற்று போகும். பொருத்தத் தெரிந்தவர்கள் பாதி நேரம் ஸ்ட்ராப்பைத் தளர்த்திக்கொண்டுதான் இருப்பார்கள். முதலில் கீழ் ஸ்ட்ராப் இரண்டையும் ஒரே அளவாக, பிறகு மேல் ஸ்ட்ராப் இரண்டையும், சத்தம் நிற்கும் வரை மட்டும் இழுங்கள். நின்றதும் விட்டுவிடுங்கள். ஸ்ட்ராப்புக்கு அடியில் ஒரு விரல் சுலபமாகப் போக வேண்டும். பின்மண்டையில் எலும்பு மேடு ஒன்று தட்டுப்படும், பின் பட்டை அதற்குக் கீழே உட்கார்ந்தால் இரவில் மேலே ஏறாது.

இப்போது இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லுங்கள், பிறகு வலப்பக்கம். வாயைக் கொஞ்சம் தொங்கவிடச் சொல்லுங்கள். கசிவு எங்கே தொடங்குகிறது என்று உங்கள் கையை மாஸ்க்கைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பாருங்கள். வாய் திறந்ததும் கண் பக்கம் ஊதினால், இறங்கும் தாடை குஷனைக் கீழே இழுத்துக்கொண்டு போகிறது, மேல் விளிம்பு மூக்குத் தண்டை விட்டு எழும்புகிறது என்று அர்த்தம். உங்கள் அப்பாவுக்கு இதுதான் நடக்கிறது என்பது என் ஊகம். ஃபுல் ஃபேஸ் மாஸ்க்குக்கு மூக்குத் தண்டிலிருந்து கீழுதட்டுக்கு அடிப்பள்ளம் வரை, வாயை லேசாகத் திறந்து வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும். வாய் திறந்திராமலே கண் பக்கம் ஊதினால் மாஸ்க் பெரிது, அல்லது மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் மட்டும் என்றால் பெரும்பாலும் தலையணை முட்டுவதால்தான், தலையணையை விளிம்புக்கு இழுத்து மாஸ்க்குக்கு இடம் விட்டாலே போதும். தாடி வைத்திருந்தால் அது தனிக் கதை.

குஷன் எவ்வளவு பழையது என்றும் பாருங்கள். தினமும் காலையில் பாத்திரம் கழுவும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும். டெட்டால், ஸ்பிரிட், வெயில் மூன்றும் ஆகாது. கழுவிய பின்னும் பிசுபிசுப்போ மஞ்சளோ போகவில்லை, ஜவ்வு தொளதொளவென்று இருக்கிறது என்றால் குஷனை மட்டும் மாற்றுங்கள். முழு மாஸ்க்கையும் மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள்.

இதெல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால், அடுத்த கேள்வி அப்பாவுக்கு ஃபுல் ஃபேஸ் தேவைதானா என்பது. இந்த ஊரில் கேட்காமலே ஃபுல் ஃபேஸைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வாயும் சேர்ந்து மூடிவிட்டால் புகார் வராது என்று கடைக்காரர் நினைக்கிறார். என் அனுபவத்தில் புகாரே அதில்தான் அதிகம். முகத்தில் அது தொடும் சுற்றளவு பெரிது, சுற்றளவு பெரிதானால் கசிய இடமும் அதிகம். போதாக்குறைக்கு, இறுக்கிக் கட்டினால் தாடையைப் பின்னுக்குத் தள்ளி மூச்சுப் பாதையையே குறுக்கும். மூக்கு மாஸ்க்கை விட இதற்கு அதிக அழுத்தம் வேண்டியிருப்பதாகப் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2019-ல் கொடுத்த வழிகாட்டுதலும் பொதுவாக மூக்கு வகைகளுக்குத்தான் முன்னுரிமை தருகிறது. 1981-ல் சிட்னியில் கோலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை முதலில் வெளியிட்டபோதே மூக்கு வழியாகத்தான் காற்று கொடுத்தார். அந்த நாளில் மாஸ்க்கை ஒவ்வொருவர் மூக்குக்கும் தனியாக வார்த்து, படுக்கும் முன் சிலிக்கான் பசை போட்டு ஒட்டிக்கொள்வார்களாம். நம் அப்பாக்கள் ஸ்ட்ராப்புக்கே சலித்துக்கொள்கிறார்கள்.

"ஆனால் அப்பா வாயால் மூச்சு விடுகிறாரே" என்பீர்கள். ஏன் விடுகிறார் என்று பாருங்கள். பகலில் வாயை மூடிக்கொண்டு சில நிமிடம் சும்மா டிவி பார்க்கச் சொல்லுங்கள். திணறாமல் இருக்க முடிந்தால் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. சிகிச்சை இல்லாத காலத்தில் திணறித் திணறி வாயைத் திறந்த பழக்கம், மூக்கு வழியே அழுத்தம் கிடைத்ததும் பலருக்குத் தானாகவே குறைந்துவிடும். திணறினால் மாஸ்க் கடைக்குப் போகுமுன் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். டெல்லியில் தீபாவளி ஒட்டி ஆரம்பிக்கும் புகை ஜனவரி வரை போகாது, அந்த மாதங்களில் அடைக்காத மூக்கு இங்கே அபூர்வம். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது, டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்ட் ஸ்பிரே, ஹியூமிடிஃபையரில் ஈரப்பதத்தைக் கூட்டுவது, இவற்றிலேயே பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. ஓட்ரிவின் மாதிரி சொட்டு மருந்தைத் தினம் போட்டுக்கொண்டு மாஸ்க் மாட்டுகிறவர்கள் உண்டு. சில நாளுக்கு மேல் போட்டால் அதுவே மூக்கை அடைக்க ஆரம்பித்துவிடும். கருவியின் காற்று ஃபில்டரையும் இந்த மாதங்களில் அடிக்கடி எடுத்துப் பாருங்கள், வெள்ளை ஃபில்டர் எவ்வளவு சீக்கிரம் சாம்பல் நிறமாகிறது என்பது உங்களுக்கே திகைப்பாக இருக்கும். வாயில் டேப் ஒட்டும் வித்தை இணையத்தில் பரவுகிறது. மூக்கு அடைக்கும் ஆளுக்கு, அதுவும் இந்த வயதில், வேண்டவே வேண்டாம். தாடைப் பட்டையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, தாடை மூடினாலும் உதட்டு வழியே காற்று போகும்.

மூக்கு சரி என்றால் மூன்று வகை இருக்கிறது. மூக்கை முழுதாக மூடுவது ஒன்று. துவாரங்களுக்கு அடியில் தொட்டில் மாதிரி உட்காருவது ஒன்று. துவாரத்தின் வாயில் இரண்டு சிறு குமிழ்கள் நுழையும் நேசல் பில்லோ ஒன்று. மூக்குத் தண்டில் புண் இருப்பதால் முதல் வகையை இப்போதைக்கு விட்டுவிடலாம். அப்பாவுக்கு அடர்ந்த மீசை இருந்தால் தொட்டில் வகை மீசைமேல் உட்கார்ந்து கசியும், பில்லோ தப்பித்துவிடும். ஆனால் அழுத்தம் 12-க்கு மேல் போகும்போது பில்லோவிலிருந்து வரும் காற்று சிலருக்கு மூக்கில் குத்துவது போலிருக்கும். மீசை இல்லாதவருக்கு என் முதல் தேர்வு தொட்டில் வகை, அதிலும் டியூப் உச்சந்தலையில் சேருவது. புரண்டு படுத்தால் டியூப் இழுக்காது. வாயும் மூடியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னால், மூக்குத் தண்டைத் தொடாமல் அடியிலிருந்து மூக்கையும் வாயையும் மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்குகள் இருக்கின்றன. ரெஸ்மெட்டின் ஏர்ஃபிட் எஃப்30, ஃபிலிப்ஸின் அமாரா வியூ அந்த வகை. ரெஸ்மெட்டின் ஏர்டச் எஃப்20-ல் ஸ்பாஞ்ச் குஷன் வரும், தோலுக்கு சுகம், ஆனால் அதைத் தண்ணீரில் கழுவ முடியாது, மாதாமாதம் மாற்ற வேண்டும். செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் ஒன்று கேட்கிறேன்: அப்பாவுக்கோ, ஒரே கட்டிலில் படுக்கும் அம்மாவுக்கோ பேஸ்மேக்கர் இருக்கிறதா? பல மாஸ்க்குகளில் ஸ்ட்ராப் மாட்டும் கிளிப் காந்தத்தால் ஆனது. இது பேஸ்மேக்கர், உடம்பில் பொருத்திய டிஃபிப்ரிலேட்டர், மூளை ரத்தக்குழாயில் போட்ட உலோகக் கிளிப் போன்றவற்றைப் பாதிக்கலாம் என்று 2022 செப்டம்பரில் ஃபிலிப்ஸும் 2023-ல் ரெஸ்மெட்டும் எச்சரிக்கை வெளியிட்டன. இந்தக் காந்தம் அந்தச் சாதனங்களிலிருந்து குறைந்தது ஆறு அங்குலம் தள்ளி இருக்க வேண்டும், பக்கத்தில் படுப்பவருக்கும் இது பொருந்தும். கடையில் யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களே கேட்டு, பிளாஸ்டிக் கொக்கி உள்ள மாஸ்க்காக வாங்குங்கள்.

யூசுஃப் சராயில் எய்ம்ஸை ஒட்டிய கடைகளில் படுத்துப் பார்க்க இடம் கொடுப்பவர்களும் உண்டு, பெட்டியைப் பிரித்தால் பணம் திரும்பாது என்பவர்களும் உண்டு. சாந்தினி சௌக்கில் பகீரத் பேலஸ் மொத்தக் கடைகளில் விலை குறையலாம், ஆனால் அளவு பார்த்துக் கொடுக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. அளவு தெரிந்து குஷன் மட்டும் வாங்கப் போகிறவர்களுக்குத்தான் அந்த இடம். சில மாஸ்க்குகள் எல்லா அளவுக் குஷன்களோடும் ஒரே பெட்டியில் வருகின்றன, முதல் தடவை வாங்குகிறவர் அதைக் கேட்டு வாங்குவது நல்லது. போகும்போது கருவியையும் அப்பாவின் தலையணையையும் எடுத்துப் போங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஜனவரியில் இன்னொரு தொல்லை வரும். அறை பத்து டிகிரிக்கு இறங்கும்போது, ஹியூமிடிஃபையரிலிருந்து வரும் ஈரக்காற்று டியூபுக்குள்ளேயே குளிர்ந்து தண்ணீராகும். கடகடவென்று சத்தம் கேட்கும், திடீரென்று மூக்கில் தண்ணீர் தெறிக்கும், அப்பா மாஸ்க்கைப் பிடுங்கிப் போடுவார், மாஸ்க்தான் சரியில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். டியூபை ரஜாய்ப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளட்டும், கருவியைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள், ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள். வெப்பமூட்டும் டியூப் உங்கள் கருவிக்குக் கிடைக்குமானால் டெல்லி வீட்டில் அது ஆடம்பரம் இல்லை. தொட்டியில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வேண்டாம், இங்கத்திய குழாய்த் தண்ணீர் வெள்ளைப் படலம் கட்டிவிடும்.

புண் ஆறும் வரை மூக்குத் தண்டில் அழுத்தம் படக் கூடாது. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் இதை டாக்டரிடம் இப்போதே காட்டுங்கள், காத்திருக்க வேண்டாம். புது மாஸ்க் வந்ததும் அதை மாட்டிக்கொண்டு, காற்றும் ஓடவிட்டு, சாயங்காலம் டிவி செய்தி பார்க்கட்டும். தூக்கம் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாத நேரத்தில் பழகினால் முகம் அதை ஏற்றுக்கொள்ளும். இரவில் கசிந்து எழுந்தாரானால் ஸ்ட்ராப்பைத் தொட வேண்டாம், மாஸ்க்கை முன்னால் இழுத்து, உப்பவிட்டு, திரும்ப உட்காரவைத்தால் போதும். இருட்டிலேயே செய்துவிடலாம்.

ஃபுல் ஃபேஸிலிருந்து மூக்கு மாஸ்க்குக்கு மாறினால் மட்டும் டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், கருவியிலும் மாஸ்க் வகையை மாற்றுங்கள். மூக்கு வழியே கொடுக்கும்போது அதே அடைப்பைத் திறக்கக் குறைந்த அழுத்தமே போதுமானதாக இருக்கலாம். சில இரவுகளின் கணக்கு சேர்ந்ததும் கருவியின் எஸ்.டி. கார்டை எடுத்துப் போய்க் காட்டினால், 14 என்ற உச்சவரம்பு இன்னும் வேண்டுமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.